கையில் இரண்டு V

தரணி வீட்டை விட்டுப் போன பதினோராம் நாள் என் கையில் இருந்த ஏழு எழுத்துகள்: A, X, V, V, U, I, I. ஆட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தேன். காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுத்தவன் பன்னிரண்டு வரை கீழே வைக்கவில்லை. இரண்டு V-யில் ஒன்றைக்கூட வைக்க இடம் கிடைக்கவில்லை.

போனில் ஆடும் வார்த்தை ஆட்டம் அது. கட்டம் போட்ட பலகை, ஆளுக்கு ஏழு எழுத்து. பலகையில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தை எதையாவது தொட்டுக்கொண்டு புதிய ஆங்கில வார்த்தை வைக்க வேண்டும். ஒருவர் வைத்ததும் மற்றவருக்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் வைக்காவிட்டால் தோல்வி. பையில் இருக்கும் எழுத்துகள் தீர்ந்து, ஒருவர் கையிலும் தீர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அது முடிவதற்காகத்தான் காத்திருந்தேன். போன அன்று மாலை தரணி ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். போன் செய்யக் கூடாது, சித்தூருக்கு வரக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் முடியட்டும், அதுவரைக்கும் யோசிப்பாள், முடிந்ததும் என்னோடு இருப்பதா வேண்டாமா என்று சொல்வாள். அதற்குப் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை வந்தது. வேறு எதுவும் அவளிடமிருந்து வரவில்லை.

அவள் போனதில் தப்பு சொல்ல முடியாது. தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். போனுக்குள் இருக்கும் பச்சைப் பலகையில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வழியாகப் பார்க்கிற வேலை. ஒரு நாள் ஷிப்ட் நடுவில் எழுந்து வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை. அதைத் தரணியிடம் சொல்லவும் இல்லை. முப்பத்தெட்டு நாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் காலையில் கட்டி வைத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு, திருப்பதி லீலா மஹால் சர்க்கிளில், கம்பெனி பஸ் வரும் இடத்தில் போய் நின்றேன். அவள் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வருவாள். அவள் கண்ணில் பட்ட பிறகு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருவேன்.

இதற்கிடையில் அந்தப் பக்கம் போகிற எல்லாக் கம்பெனி பஸ்களும் நிற்கும் இடத்தை ரேணிகுண்டா ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் போகாதவனுக்கு இது எப்படித் தெரியும்? நான் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கீழ் வீட்டு இஸ்மாயில் அங்கே வேறொரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அவன் மனைவி ஒரு நாள் தரணியிடம், உங்கள் வீட்டுக்காரர் ஏன் பஸ் வராத இடத்தில் நிற்கிறார் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். மூன்று நாளில் தரணி கிளம்பிவிட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அந்த லேபுக்குச் சித்தூரிலும் கிளை உண்டு. மாற்றல் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அவள் அம்மா வீடு இருக்கும் புத்தலப்பட்டிலிருந்து சித்தூர் பக்கம்தான்.

இந்த ஆட்டத்தை ஏன் ஆங்கிலத்தில் ஆடினோம் என்றால், எங்களுக்கு வேறு வழியில்லை. நான் ராணிப்பேட்டைப் பக்கம், தமிழில் படித்தவன். அவள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது முழுக்கத் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மளிகைச் சீட்டில் துவரம் பருப்பு என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். அவள் பகல், நான் இரவு. ஒருவரை ஒருவர் பார்ப்பதே ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்கு இந்த ஆட்டம் இருந்தது.

இரண்டு பேருக்கும் பெரிய ஆங்கிலம் கிடையாது. வேலையில் காதில் விழுந்ததை வைத்தோம். அவள் SERUM, FLUID, ZINC என்று வைப்பாள். நான் SOLDER, JIG, SCRAP என்று வைப்பேன். ஒரே ஒரு சட்டம் நாங்களாகப் போட்டுக்கொண்டது: வைத்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த முறை ஆட முடியாது. அவள் எப்போதும் கேட்பாள். JIG என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அன்று மதியம் இஸ்மாயில் மாடிக்கு வந்தான். வார விடுமுறை. கட்டிலில் உட்கார்ந்து என் போனை எட்டிப் பார்த்தான்.

"இன்னா பா இது, எப்ப பாத்தாலும் இந்த பலகைய பாத்துக்கினு கீற."

V பற்றிச் சொன்னேன். VAN, VERY, VISIT எல்லாம் தெரியும், என்னிடம் N இல்லை, R இல்லை, S இல்லை. பலகையில் அவை இருக்கிற இடமெல்லாம் அடைத்துக் கிடந்தது. மற்ற எழுத்தென்றால் சின்னதாக இரண்டெழுத்து வார்த்தை எதையாவது சொருகித் தப்பித்துவிடலாம். V-யை வைத்து இரண்டெழுத்தில் ஒன்றுமே கிடையாது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

"இதுக்குன்னே சைட்டு கீது பா. எழுத்த போட்டா வார்த்த வந்து கொட்டும். எம் பொண்ணு ஸ்கூல் போட்டிக்கே அதத்தான் பாக்குது."

"அது ஏமாத்து வேல இல்லியா?"

"ஏமாத்தறத பத்தி நீ பேசறியா," என்றான் இஸ்மாயில். சிரிக்கக்கூட இல்லை. டீ போடச் சொல்லிவிட்டுத் தேடிக் கொடுத்தான்.

அந்த சைட் ஒரு குப்பை. மேலே விளம்பரம், கீழே விளம்பரம், நடுவில் ஒரு பெட்டி. பெட்டியில் எழுத்துகளைப் போட்டால் இரண்டெழுத்து வார்த்தை, மூன்றெழுத்து வார்த்தை, V உள்ள ஐந்தெழுத்து வார்த்தை என்று நூற்றுக்கணக்கில் பட்டியல் இறங்கியது. பாதிக்கு மேல் எந்த மனிதனும் வாயால் சொல்லியிருக்க மாட்டான். பலகையில் வைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். V-க்கு அங்கேயும் வழி பிறக்கவில்லை. ஆனால் தரணி வைத்த ZINC-இன் Z-க்குக் கீழே A, X இரண்டையும் போட்டால் ZAX. மும்மடங்குக் கட்டம். ஐம்பத்தேழு புள்ளி. கூரைக் கல்லை வெட்டுகிற கருவியாம். கல்லால் கூரை போட்ட வீட்டை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.

வைத்தேன். அவள் என்னை விட்டுப் போன பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜெயித்தால் அவள் திரும்பி வருவாள் என்று அவள் எங்கும் சொல்லவில்லை. முடிந்தால் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள். எனக்கோ, வேலையிலும் தோற்று இதிலும் தோற்றவனிடம் எவள் வருவாள் என்று ஒரு எண்ணம். அதனால் தொடர்ந்து அந்தப் பெட்டியையே திறந்தேன். ஆறு நாளில் ஆறு வார்த்தை. அதில் ஒன்று QANAT. அதை வைத்த அன்று ஆட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னச் செய்திப் பெட்டியில் அவளிடமிருந்து ஒரு சொல் வந்தது. அர்த்தம்?

பதினாறு நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தரைக்கு அடியில் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்கால் என்று சைட்டில் இருந்ததைத் தமிழாக்கி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவள் தன் வார்த்தையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே ஒரு V ஒருவழியாகப் போனது. VUG. ஒன்பது புள்ளி முன்னால் வந்துவிட்டேன். பையும் காலி. இனி அவள் கையில் ஏழு, என் கையில் V, I, I, U, E. இரண்டு மூன்று சுற்றில் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் மதியம் அவள் வைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் காட்டியது: இன்னும் ஒன்பது மணி நேரம். அதற்குள் அவள் வைக்காவிட்டால் நான் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இதற்குத்தானே ஆசைப்பட்டேன். ஆனால் தரணி எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. கெட்டுப்போன சாம்பாரைக்கூடச் சுட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவாள். அவளே ஆட்டத்தைப் பாதியில் விடுகிறாள் என்றால் என்னைப் பற்றி யோசித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். சட்டையை மாட்டிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன். வரக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது மாமனார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

லேப் சித்தூரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் தரணி ஒரு கிழவியின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"டோக்கன் எடுத்துக்கினு உக்காரு," என்றாள்.

எடுத்தேன். ஐம்பத்து மூன்று. நாற்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. ஏழு பேருடைய ரத்தம் குழாய்களில் ஏறுகிற வரை உட்கார்ந்திருந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போய், நோயாளி உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"VUG-னா இன்னா?" என்று கேட்டாள்.

சைட்டில் பார்த்தது ஞாபகம் வரவில்லை. பாறை, ஓட்டை என்று ஏதோ இருந்தது. பஸ்ஸில் வரும்போது பார்த்து வைத்துக்கொண்டிருக்கலாம். அது தோன்றவேயில்லை.

"தெரியாது."

"தெரியாம எப்டி வெச்ச?"

"சைட்டுல பாத்து வெச்சேன்."

"இது ஒண்ணா?"

"ஆறு. ZAX-லேர்ந்து."

அவள் சிரிஞ்சு உறைகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். ZAX வந்த அன்றே தெரியும் என்றாள். QANAT-க்கு அர்த்தம் கேட்டது, ஒருவேளை உண்மையைச் சொல்வேனா என்று பார்க்கத்தான். வாய்க்கால் என்று நான் எழுதிய விதத்திலேயே எங்கோ பார்த்து எழுதியது தெரிந்துவிட்டதாம். இரண்டு நாளாகப் பலகையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறாள். வைக்கக் கை வரவில்லை என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய ஒரே சரியான காரியம் என்று ஒன்று தோன்றியது. போனை எடுத்து அவள் முன்னாலேயே ஆட்டத்தைத் திறந்து, ஓரத்தில் இருந்த கொடியைத் தொட்டேன். ஆட்டத்தைக் கைவிடுகிறீர்களா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். தரணி ஜெயித்துவிட்டாள் என்று காட்டியது. போனை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் அதைப் பார்த்தாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. லீலா மஹாலில் நான் நின்றது தெரிந்த அன்றுகூட இல்லை.

"எங்கிட்ட கேட்டியா?"

"நீதான ஜெயிச்ச."

"எங்கிட்ட கேட்டியான்னு கேக்கறேன். வேலையும் இப்டித்தான் விட்ட. நடுவுல எழுந்து வந்துட்ட. கூட ஒருத்தி கீறாளே, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுவோம்னு இல்ல. இதயும் அப்டியே விட்டுட்ட. விட்டுட்டா யோக்கியன்னு நெனப்பு உனுக்கு."

தடுப்புக்கு வெளியே பேச்சு நின்றுவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆட்டம் முடிஞ்சா சொல்றேன்னேன். இது முடியல. நீ விட்டது முடிஞ்சதா ஆவுமா?"

போன் இனி ஒன்றும் செய்யவிடாது. பலகை மட்டும் திரையில் தெரிந்தது. அவள் மேஜை டிராயரிலிருந்து பரிசோதனைச் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாள். பதினைந்துக்குப் பதினைந்து கட்டம், ரத்தக் குழாய்க்குப் பெயர் எழுதுகிற கறுப்புப் பேனாவால். திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அதில் இறக்கினாள். நான் சைட்டிலிருந்து எடுத்த ஆறு வார்த்தைகளையும் எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டாள். அவற்றின் புள்ளிகளை என் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள். ஒன்பது புள்ளி முன்னால் இருந்தவன் இருநூற்றுக்குமேல் பின்னால் போனேன்.

"போய் வெளிய உக்காந்து ஆடு. போன இங்க வெச்சிட்டுப் போ," என்றாள்.

அவள் TRAY என்று வைத்து என்னிடம் சீட்டைக் கொடுத்தாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். V, I, I, U, E. பக்கத்தில் ஒரு ஆள், பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு, என்ன பரீட்சையா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். LOVE என்று போடச் சொன்னார். O இல்லை என்றேன். அது இல்லாமல் எப்படி என்று எழுந்து போய்விட்டார்.

அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தலைக்குள் அந்த சைட்டின் குப்பைகளே வந்துகொண்டிருந்தன. அர்த்தம் தெரியாத வார்த்தைகள் அர்த்தம் தெரிந்தவற்றை எல்லாம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தன. பேனாவை உடைத்துப் போடலாம்போல இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றியது. படிக்கட்டு நான்கடி தூரத்தில்தான். தொழிற்சாலையில் தோன்றியதேதான் இங்கேயும் தோன்றுகிறது என்பது எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

அவள் பத்து நாளுக்கு முன்னால் வைத்த FLUID ஓரமாகக் கிடந்தது. அதன் F-க்குக் கீழே மூன்று கட்டம் காலி. FIVE. ஒன்றாம் வகுப்பில் படித்த வார்த்தை. வெறும் பத்துப் புள்ளி. எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவள் கண்ணால் மேஜையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு முறை, நடுவில் நான் ஒரு முறை வைத்தோம். அவள் கை முதலில் காலியானது. என்னிடம் ஒரு U மிச்சம். இருநூற்றுப் பதினேழு புள்ளியில் தோற்றேன். இந்த மூன்று வருடத்தில் இவ்வளவு மோசமாக இரண்டு பேரும் தோற்றதில்லை.

சாப்பாட்டு நேரம் வந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். தரணி கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றாள். லேபில் ஆள் இல்லை என்று மாற்றிவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். தீனா ஏன் வரவில்லை என்று அவள் நைனா, என் மாமனார், என்னைப் பற்றித் தினமும் கேட்கிறார். இரவு ஷிப்ட், ஓவர்டைம் என்று தினமும் ஒரு பொய் சொல்கிறாள்.

"உன்னால நானும் லீலா மஹால்ல நிக்கறேன்," என்றாள். "நான் திருப்பதிக்கு வரமாட்டேன். நீ இங்க வரதுன்னா வா. சேந்து இருக்கலாம். ஆனா நைனாகிட்ட நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம நேர்ல வந்து..."

"இப்போ."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். மாமனார் பெயரைத் தேடி அழுத்தினேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"மாமா, நான் தீனா. வேலைய விட்டுட்டேன். அறுவது நாள் ஆச்சி. தரணிகிட்டயும் சொல்லல. அவள லேபுல மாத்தல, என்னாலதான் அவளே ட்ரான்ஸ்பர் கேட்டு வாங்கிக்கினு வந்துட்டா."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னாத்துக்கு விட்ட?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. தரணி எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள், எத்தனை நாள் என்று கேட்டாள். கம்பெனியில் ஒரு படிவம் அனுப்பினார்கள், அதைத் திறக்கவேயில்லை.

"ராத்திரியில முடில மாமா. எத பாஸ் பண்ணேன், எத தள்ளுனேன்னே தெரியல."

"அத்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா கேடு," என்றார். பிறகு, "வந்து சேரு. எங்கிட்ட இன்னொரு பொய் சொன்னன்னா அன்னிக்கே பஸ் ஏத்திடுவேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னதைத் தரணியிடம் சொன்னேன். அவளுக்கு அது கேட்டிருக்கும், இருந்தாலும் நான் சொல்கிற வரை காத்திருந்தாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதிச் சாதத்தை வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"துன்னுட்டுப் போய் வீட்ட காலி பண்ணு. பாதி சாமான வெச்சிட்டு வந்து நிக்காத," என்றாள்.

புளிக்குழம்பு. அவள் அம்மா வைத்தது, எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் அடுத்த ஆள் வந்து நின்றார். தரணி கையைக் கழுவிக்கொண்டு, "அறுபத்தொண்ணு" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டேன்.